ஆலை இல்லாத கரும்புக் கதை

'பற்றாக்குறை மனநிலை' என்கிற சொல் இப்போ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ரொம்பச் சரளமாப் புழங்குது. காலேஜுக்கு மோட்டிவேஷன் பேச வர்றவர் சொல்றார், இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொல்றார், வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோட சேர்ந்து வருது. சாரம் ஒண்ணுதான்: ஏழை ஏழையா இருக்கிறது அவன் யோசிக்கிற விதத்தால, யோசனையை மாத்தினா பணம் தானா வரும். "இதை ஹார்வர்டு புரொஃபசரே நிரூபிச்சுட்டார், அதுவும் நம்ம தமிழ்நாட்டு விவசாயிகளை வெச்சே" என்று ஒருத்தர் மேடையில் சொன்னதைக் கேட்டேன். சொன்னதில் பாதி உண்மை. தமிழ்நாட்டு விவசாயிகளை வைத்து அப்படி ஒரு ஆய்வு நடந்தது. ஆனால் அது காட்டியது, மேடையில் சொன்னதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிரானது.

அந்த ஆய்வையும், அதை ஒட்டி வந்த 'ஸ்கேர்சிட்டி' என்ற புத்தகத்தையும் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இரண்டும் 2013இல் வந்தவை. புத்தகத்தை எழுதியவர்கள் பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டார் ஷாஃபிரும். 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையில் இவர்களோடு ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ என்ற இருவரும் சேர்ந்திருந்தார்கள். எனக்குப் பிடித்த புத்தகம்தான். பிடித்ததனால்தான் அதோடு சண்டை போட வேண்டியிருக்கு.

ஆய்வு நடந்த இடம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள். 464 கரும்பு விவசாயிகள். இதில் கெட்டிக்காரத்தனமான விஷயம், ஏழையையும் பணக்காரனையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடாமல், ஒரே விவசாயியை அவரோடேயே ஒப்பிட்டது. கரும்புக்காரனுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் மொத்தமாப் பணம் பார்க்க வாய்ப்பு. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை சுத்தமா வறண்டு கிடக்கும்; வெட்டி முடிச்சுப் பணம் வந்ததும் அதே ஆள் மூச்சு விடுவார். வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், அப்புறம் 4 சதவீதம் பேர். கடன் இருந்தவர்கள் முன்னால் 99 சதவீதம், அப்புறம் 13. நம்ம ஊர் நகை அடகுக் கடைக்காரரைக் கேட்டால் மாதத்தோட சேர்த்து இதையே சொல்வார், அது வேற விஷயம்.

இந்த இரண்டு காலத்திலும் அவர்களுக்கு இரண்டு சோதனை வைத்தார்கள். ஒன்று, ரேவன் புதிர். வரிசையா உருவங்கள் இருக்கும், ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கும், அதில் எது பொருந்தும்னு கண்டுபிடிக்கணும். படிப்பறிவு தேவையில்லை. இன்னொன்று, மனசை அடக்குகிற சோதனை. '5 5 5' என்று எழுதியிருந்தால் எத்தனை எண்கள் இருக்குன்னு சொல்லணும். விடை மூணு, ஆனால் நாக்கு அஞ்சுன்னு சொல்லத் துடிக்கும். முதல் சோதனையில் வெட்டுக்கு முன்னால் சராசரியா 4.35 சரி, பின்னால் 5.45. இரண்டாவதில் முன்னால் எடுத்த நேரம் 146 விநாடி, பின்னால் 131, தப்பும் குறைந்தது. அதே ஆள், அதே மூளை. நடுவில் மாறியது கையில் இருந்த பணம் மட்டும்தான் என்பது அவர்கள் வாதம். சாப்பாடு குறைந்ததாலா, உடம்பு அலுப்பாலா என்றெல்லாம் கேட்டு ஒதுக்கிப் பார்த்தார்கள். ஒரு தடவை புதிர் போட்டுப் பழகினதால் ரெண்டாந்தடவை நல்லாப் போட்டாங்களா என்ற சந்தேகத்துக்காக, சிலரை வெட்டு முடிந்த பிறகு மட்டும் புதுசாச் சோதித்தார்கள்.

கைகடிக்கிற நேரத்தில் மனசின் பெரும்பகுதி அந்தக் கடிக்கே போய்விடுகிறது, மிச்சத்துக்கு இடம் இல்லாமல் போகிறது என்பது அவர்கள் விளக்கம். நம் வீடுகளில் இதைப் பார்க்காதவர் கிடையாது. கல்யாண வீட்டுக் கணக்கைத் தாளே இல்லாமல் போடுகிற மனுஷர், வெட்டுக்கு முந்தின மாசம் கரண்ட் பில் கட்டுகிற தேதியை மறந்துட்டு நிற்பார். பிள்ளை காய்ச்சல் மாத்திரை ரெண்டு வேளைக்குப் போட்டதும் நின்று போயிருக்கும். "உனக்குப் பொறுப்பே இல்ல" என்று வீட்டில் சண்டை வரும். பொறுப்பு இல்லாமல் இல்லை. மனசில் இடம் இல்லை. இந்த ஒரு திருத்தத்துக்காகவே இந்த ஆய்வுக்கு நன்றி சொல்லலாம்.

இப்போ மேடைப் பேச்சுக்கு வருவோம். அங்கே இரண்டு விஷயங்கள் ஒரே பெயரில் குழம்பிப் போச்சு. ஸ்டீபன் கோவி 1989இல் எழுதிய 'ஏழு பழக்கங்கள்' புத்தகத்தில் ஒரு 'பற்றாக்குறை மனப்பான்மை' வருகிறது. அது குணம் சம்பந்தப்பட்டது: அடுத்தவனுக்குக் கிடைத்தால் எனக்குக் குறைஞ்சிடும்னு நினைக்கிற புத்தி. அதை மாற்றிக்கொள் என்று உபதேசிக்கலாம். முல்லைநாதனும் ஷாஃபிரும் சொல்வது குணமே இல்லை, நிலைமை. பணம் வந்ததும் யாரும் உபதேசம் செய்யாமலே போய்விடுகிற ஒன்று. முதலாவதின் உபதேசத்தை எடுத்து, இரண்டாவதின் புள்ளிவிவரத்தை ஒட்டி விற்கிறார்கள். கரும்புப் பணம் வந்ததும் புதிர் சரியாப் போட்ட விவசாயி எந்த மோட்டிவேஷன் கிளாசுக்கும் போகவில்லை.

இதுவரைக்கும் புத்தகத்தின் பக்கம். என் சண்டை இனிமேல்தான்.

அந்த ஆய்வு சாத்தியமானது எதனால்? எல்லாக் கரும்பும் ஒரே நாளில் வெட்டப்படுவதில்லை என்பதால். ஆலைக்கு ஒரு நாளைக்கு அரைக்க இவ்வளவுதான்னு கணக்கு உண்டு. அதனால் பதிவுக் கரும்பை முறை வைத்து, மாதக்கணக்கில் பரப்பி வெட்ட விடுவார்கள். கட்டிங் ஆர்டர் வரும்வரை விவசாயி காத்திருக்கணும். ஒருத்தர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் காத்துக்கிட்டு இருப்பார். ஆராய்ச்சியாளருக்கு இது வரப்பிரசாதம்: பருவம், பண்டிகை, மழை எல்லாம் ஒன்றாக இருக்க, கைப்பணம் மட்டும் வேறு வேறு. கட்டுரையின் முறையியல் பகுதியில் ஆலை இப்படி வந்து உதவி செய்துவிட்டு, விளக்கம் சொல்லுகிற இடத்தில் காணாமல் போய்விடுகிறது.

விவசாயி பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த முறைதான் கதையே. நம்ம பக்கம் கரும்பு போட்டவர்களுக்கு இது தெரியும். கட்டிங் ஆர்டர் தள்ளிப்போகப் போகக் கரும்பு காயும், எடை இறங்கும், பிழித்திறன் குறையும். வெட்டுக்கூலி ஆட்கள் வேற தோட்டத்துக்குப் போயிடுவாங்க. அப்படியும் வெட்டி அனுப்பியாச்சுன்னா அடுத்த காத்திருப்பு: பணம். 1966ஆம் வருஷத்து கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. சட்டம் அவ்வளவு தெளிவு. நடைமுறையில் நிலுவைக்காக விவசாயிகள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோட நிற்பது தமிழ்நாடு முழுக்கப் பழைய காட்சி. விருதுநகர் மாவட்டத்துக்கும் அது புதுசில்லை.

எங்க சொந்தத்தில் ஒரு பெரியப்பா. பெயர் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம். கரும்பு போய் மாசக்கணக்கில் பணம் வராத ஒரு வருஷம், சாயங்காலம் ஆனால் சட்டைப் பையிலிருந்து எடைச்சீட்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்ப்பார். கூட்டினது சரியா இருக்கும். மறுநாளும் கூட்டுவார். அவருக்கு அப்போ ரேவன் புதிர் வைத்திருந்தால் மார்க் குறைஞ்சிருக்கும், சந்தேகமில்லை. அந்தக் குறைவுக்குப் 'பணமுடையால் மனம் சுருங்குதல்' என்று பெயர் வைப்பது சரிதான். ஆனால் 14 நாள் கெடுவை யார் மீறினார்கள் என்ற கேள்வியை அந்தப் பெயர் கேட்பதில்லை. விளைவுக்குப் பெயர் வைத்துவிட்டால், காரணத்தைப் பார்த்தாச்சுங்கிற திருப்தி வந்துவிடுகிறது. உளவியலை வைத்து அன்றாட வாழ்க்கையை விளக்குகிற பல புத்தகங்களில் இந்த ஆபத்து இருக்கு.

புத்தகத்தில் ஒரு நல்ல உவமை வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பி-17 ரக விமானங்கள் தரையிறங்கின பிறகு விமானிகள் தப்பான லீவரை இழுத்துச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானியைத் திட்டிப் பயனில்லை. ஏன்னா ரெண்டு லீவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் கண்டுபிடித்தது அது. ஆகவே ஏழைகளைத் திட்டாதீர்கள், காக்பிட்டை மாற்றுங்கள் என்கிறார்கள் ஆசிரியர்கள்: விண்ணப்பத்தை எளிதாக்கு, நினைவூட்டு, ஒரு தடவை தவறினால் மொத்தமும் போகாதபடி திட்டம் போடு. எல்லாம் சரி. வருமானத்தைச் சீராக்குவது பற்றியும் அவர்கள் பேசாமல் இல்லை. ஆனாலும் இந்தக் காக்பிட்டுக்கு ஓனர் ஒருத்தர் இருக்கார், லீவர் இப்படி இருப்பதில் அவருக்கு லாபம் இருக்கு என்பதை உவமை மறைத்துவிடுகிறது. ராணுவத்துக்கு விமானம் நொறுங்கினால் நஷ்டம். ஆலைக்கு விவசாயியின் பணம் மூணு மாதம் கையில் இருந்தால், அது மலிவான நடைமுறை மூலதனம்.

கோயம்பேடு கதையும் இதே மாதிரி. புத்தகத்தில் ரொம்பப் பேசப்பட்ட பகுதி அது. காலையில் 1,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து 1,100 ரூபாய்க்கு விற்கிற பூ, காய் வியாபாரி. அந்த ஆயிரத்தைத் தினம் 5 வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சாயங்காலம் 1,050 கொடுக்கணும். லாபத்தில் பாதி வட்டிக்கே போச்சு. தினம் 5 ரூபாய் மட்டும் மிச்சம் பிடித்து அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால் 50 நாளில் கடனே இருக்காது என்று ஆசிரியர்கள் கணக்குப் போடுகிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், வட்டிக்கு வட்டி மிச்சமாகி சரியாத்தான் வருது. ஆனால் அந்த வியாபாரிகள் சராசரியா ஒன்பது வருஷத்துக்கு மேல் இப்படியே கடன் வாங்கி வந்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் பாதிப் பேருக்கு அந்தக் கடனை அடைத்தே கொடுத்தார்கள். கொஞ்ச மாதம் நல்லாப் போச்சு. வருஷம் முடிவதற்குள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் திரும்பக் கடனில் விழுந்தார்கள்.

இதற்குப் புத்தகம் சொல்லும் காரணம் கையில் தாராளம் இல்லாதது: ஒரு சின்ன அதிர்ச்சி வந்தாலும் சரிந்துவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தென்மாவட்டத்துக்காரனுக்கு இன்னொன்றும் தோணும். வட்டிக்காரர் வெறும் பணம் கொடுக்கிறவர் மட்டும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஐயாயிரம் கட்டச் சொன்னால் போன் எடுக்கிற ஒரே ஆளும் அவர்தான். அவரிடம் கணக்கை முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அவசரத்துக்குப் போய் நின்றால் முகம் கொடுப்பாரா? தினம் கொடுக்கிற 50 ரூபாயில் ஒரு பகுதி அந்தக் கதவைத் திறந்து வைப்பதற்கான கட்டணம். அது அநியாயக் கட்டணம்தான். நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் அதைக் கட்டுகிறவருக்குப் பார்வை சுருங்கிப் போச்சுன்னு முடிவு கட்ட முடியாது. எதிரே வேற கதவு ஏதாவது இருக்கான்னும் பார்க்கணும். இன்னொரு கணக்கு: சட்டம் ஆலைமீது போடுகிற தாமத வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம். கோயம்பேட்டில் அந்த 15 சதவீதம் மூணே நாளில் ஏறிவிடும்.

ஆய்வின் பலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். ஏன்னா மேடையில் 'நிரூபணம்' என்கிறார்கள். கரும்பு ஆய்வோடு சேர்ந்து, அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஒரு ஷாப்பிங் மாலில் நடந்த சோதனை ஒன்று உண்டு: கார் ரிப்பேருக்கு 150 டாலர் ஆனால் என்ன செய்வீங்க, 1,500 ஆனால் என்ன செய்வீங்கன்னு யோசிக்கச் சொல்லிவிட்டுப் புதிர் கொடுத்தது. பெரிய தொகையை யோசித்தபோது வருமானம் குறைந்தவர்களின் மார்க் சரிந்தது. ஐ.க்யூ.வில் 13 புள்ளி குறையும்னு எல்லாரும் சொல்கிற கணக்கு இங்கிருந்துதான் வருது. அதே வருஷம் விச்செர்ட்ஸ், ஷோல்டன் என்ற இருவர், அந்த மால் சோதனையில் வருமானத்தை 'ஏழை', 'பணக்காரர்' என்று இரண்டாக வெட்டாமல் அப்படியே எடுத்தால் விளைவு தெளிவாக நிற்கவில்லை என்று அதே 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 2016இல் கார்வால்ஹோ, மையர், வாங் மூவரும் அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. இதே குழுவின் 2012 பற்றாக்குறை ஆய்வு ஒன்று, 2018இல் நடந்த ஒரு பெரிய மறுசோதனையில் தேறவில்லை. அதில் 21 ஆய்வுகளை எடுத்து 13 தேறின. இது தேறாத எட்டில் ஒன்று.

இதனால் எல்லாம் பொய்யாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கரும்பு ஆய்வின் வலு அதன் இடைவெளியில் இருக்கு. இரண்டு வார சம்பளத்துக்கு முந்தின நாள் என்பதும், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பணத்துக்கு முந்தின மாதம் என்பதும் ஒரே வறட்சி கிடையாது. அமெரிக்கச் சம்பளக்காரருக்கு வெள்ளிக்கிழமை பணம் வரும்னு தெரியும். கரும்புக்காரருக்கு எந்தக் கிழமைன்னு தெரியாது. மனசைத் தின்பது பணம் இல்லாததா, எப்போ வரும்னு தெரியாததா? கரும்பு ஆய்வு இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. எனக்கு இரண்டாவதுமேல் சந்தேகம் அதிகம்.

சந்தேகத்துக்குக் காரணம் வேற ஒரு இடத்திலிருந்து வருது. மார்ஷ்மெல்லோ சோதனை கேள்விப்பட்டிருப்பீங்க: இப்போ ஒரு மிட்டாய், காத்திருந்தால் ரெண்டு. காத்திருக்கும் குழந்தை வாழ்க்கையில் ஜெயிக்கும் என்பது அதன் மேடை வடிவம். 2013இல் செலஸ்ட் கிட்டும் அவர் சகாக்களும் 28 குழந்தைகளை வைத்து ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். சோதனைக்கு முன்னால் சில குழந்தைகளிடம் நல்ல கிரேயான் கொண்டுவர்றேன்னு சொன்ன பெரியவர் கொண்டுவந்தார். மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோட வந்தார். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியா 12 நிமிஷம் பொறுத்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிஷம். எண்ணிக்கை சின்னது, அதைவைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் பொறுமையைக் குழந்தையின் குணமாப் பார்த்த கேள்வியை, எதிரே நிற்கிற பெரியவரின் நாணயத்தைப் பற்றிய கேள்வியா அது திருப்பிப் போட்டது. 14 நாள்னு சொல்லிவிட்டுக் கிரேயான் இல்லாமல் வருகிற ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

முல்லைநாதனே பிற்பாடு இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறார். சுப்ரீத் கௌர் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஒடிசாவில் சாப்பாட்டுத் தட்டு செய்கிற தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், மொத்தக் கூலியைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. சிலருக்கு ஒரு பகுதியைக் கொஞ்ச நாள் முன்கூட்டியே கொடுத்தார்கள், அவ்வளவுதான். கையில் பணம் வந்தவர்களின் உற்பத்தி சுமார் 7 சதவீதம் ஏறியது, கவனக்குறைவான தவறும் குறைந்தது. மேடைப் பேச்சாளர் யாரும் இதை மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. முதலாளிகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் 'கூலியைச் சீக்கிரம் கொடுங்க' என்று சொன்னால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க.

இதைச் சோதிக்க எங்க ஊரை விட வசதியான இடம் கிடையாது என்பது என் எண்ணம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இந்த ரெண்டு ஊரைச் சுற்றி, பணம் வருகிற தாளம் எத்தனை விதம்! ராஜபாளையம் நூற்பாலையில் மாதச் சம்பளம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிற தறிக்காரருக்கு வாரக் கூலி. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி மாடு வைத்திருப்பவருக்குக் காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊத்தினால், வாரமோ பத்து நாளோ ஒருதரம் பட்டுவாடா. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவுக்குப் பின்னால் இருக்கிறது இந்தச் சின்னச் சின்னப் பட்டுவாடாக்கள்தான். கரும்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் நிச்சயமில்லை.

வத்திராயிருப்பு பக்கம் ஒரே வீட்டில் கரும்பும் மாடும் இருப்பதைப் பார்க்கலாம். அம்மா பால் கணக்கு, அப்பா கரும்புக் கணக்கு. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, ஒரே வறுமை. வெட்டுக்கு முந்தின மாதம் இரண்டு பேருக்கும் தனித்தனியாப் புதிர் வைக்கணும். ஆலை 14 நாளுக்குள் பணம் போட்ட வருஷத்தில் ஒரு தடவை, போடாத வருஷத்தில் ஒரு தடவை. அதோட ஆலையின் பட்டுவாடா தேதிகளையும் பக்கத்திலேயே எழுதி வைக்கணும், முறையியலில் இல்லை, முடிவுகள் பகுதியில். மனநிலை மாறுவது எந்தத் தேதியில் என்று அப்போ பார்த்துக்கலாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ உளவியல் படிக்கிற ஆராய்ச்சி மாணவர் யாராவது இதை எடுப்பதாக இருந்தால், ஊர் ஊரா கூட்டிக்கிட்டுப் போக நான் தயார்.